பெங்கல்மேன் பீம்: மே மாதம் ஒரு தடிமன், டிசம்பரில் வேறு தடிமன். எதை வைத்து ஓவர்லே போடுவது?

#1 கரிசல்காடு

கரிசல் மண் மேல் கிடக்கும் ஒரு மாநில நெடுஞ்சாலை. ஒரே 6 கி.மீ. நீளத்துக்கு இரண்டு பெங்கல்மேன் பீம் (லாரிப் பாரத்தில் சாலை எவ்வளவு அமுங்கி மீள்கிறது, அதாவது அதன் தொய்வு, என்று அளக்கும் நீளக் கை) அறிக்கைகள் இருக்கின்றன. மே மாதத்து அறிக்கைப்படி ஓவர்லே (பழைய சாலையின் மேல் போடும் புதுத் தார் அடுக்கு) மெலிதாகவே போதும். டிசம்பர் அறிக்கை அதைவிட 5 செ.மீ. கூடுதலாகக் கேட்கிறது. இரண்டிலும் "ஐ.ஆர்.சி. 81 படி" (இந்திய சாலைக் காங்கிரஸின் விதிநூல்) என்றுதான் எழுதியிருக்கிறது. டெல்லி சி.ஆர்.ஆர்.ஐ. (மத்திய சாலை ஆராய்ச்சி நிலையம்) சோதித்து உருவாக்கிய முறை என்கிறார்கள். அப்புறம் எப்படி இரண்டு விடை வரும்? முறை தப்பா, அளந்தவர்கள் தப்பா?

#2 டயல்கேஜ்

முறை தப்பில்லை. ஆனால் "ஐ.ஆர்.சி. 81 படி" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதன்படி செய்ததாக ஆகிவிடாது. முதலில் களத்தில் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், உங்கள் அறிக்கைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லாரியின் பின் அச்சில் 8170 கி.கி. பாரம். அச்சின் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம், அதாவது பக்கத்துக்கு 4085 கி.கி. டயர் காற்றழுத்தம் ச.செ.மீ.க்கு 5.6 கி.கி. எடைமேடையில் முழு லாரியையும் ஏற்றி எடை எடுத்தால் பயனில்லை. பின் அச்சு மட்டும் மேடையில் நிற்க வேண்டும். பாரத்துக்கு மணல் ஏற்றியிருந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். ராத்திரி ஒரு மழை பெய்தால் மறுநாள் அச்சுப் பாரமே வேறு.

பீமின் நீளம் 3.66 மீ. நுனியிலிருந்து 2.44 மீட்டரில் கீல். அதனால் நுனி 2 மி.மீ. நகர்ந்தால் டயல் 1 மி.மீ.தான் காட்டும். வேலை தொடங்கும் முன் நுனிக்கடியில் தடிமன் தெரிந்த உலோகத் துண்டுகளை வைத்துப் பாருங்கள். டயல் சரிபாதி காட்டாவிட்டால் முதலில் டயலைச் சோதியுங்கள். டயல் சரியாக இருந்தால் கீலுக்குக் கிரீஸ் போடுங்கள். பாதிப் பிரச்சினை அந்தக் கீலில்தான் இருக்கும்.

அளக்கும் புள்ளி சாலை விளிம்பிலிருந்து: தடத்தின் அகலம் 3.5 மீட்டருக்கு மேல் இருந்தால் 90 செ.மீ., குறைவாக இருந்தால் 60 செ.மீ. இரட்டை டயர்களுக்கு நடுவில் நுனி நிற்க வேண்டும், டயரில் உரசக் கூடாது. லாரி நிற்கும்போது முதல் அளவு (மு). 2.7 மீ. நகர்த்தி நிறுத்தி, மீட்சி நிமிடத்துக்கு 0.025 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்து இடை அளவு (இ). இன்னும் 9 மீ. நகர்த்தி, அதே நிதானம் வந்த பிறகு கடைசி அளவு (க).

அந்தக் காத்திருப்பைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் ஹாரன் அடிக்கும்போது இரண்டு நிமிடம் நீளமாகத்தான் தெரியும்.

#3 மண்குழி

டயல்கேஜ் சொன்னது அளக்கும் பக்கம். உங்கள் கேள்விக்கு விடை மண் பக்கத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அறிக்கையில் ஈரப்பதத் திருத்தம் என்று ஒரு பக்கம் இருக்கிறதா பாருங்கள். ஐ.ஆர்.சி. 81 கேட்பது, அடிமண் மிகவும் இளகியிருக்கும் காலத்துத் தொய்வை. மழை முடிந்த கையோடு அளக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அளந்த அன்றைய அடிமண் ஈரத்தை வைத்து வரைபடத்திலிருந்து ஒரு பெருக்கெண் எடுக்க வேண்டும். வரைபடங்கள் மண் வகைக்கும் மழைக்கும் ஏற்ப தனித்தனி: மணல்/சரளை, பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ் (மண்ணின் களித்தன்மையைக் காட்டும் எண்) 15க்குக் கீழான களி, 15க்கு மேலான களி, ஆண்டு மழை 1300 மி.மீ. வரை, அதற்கு மேல். கரிசலுக்குச் சந்தேகமே இல்லாமல் 15க்கு மேலான படம். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் என்றால் மழை 1300க்கு வெகு கீழே.

மே மாதத்தில் கரிசல் வெடித்து, கல் மாதிரி இருக்கும். அந்த நிலையில் பீம் காட்டும் தொய்வு சாலையின் நல்ல முகம் மட்டும்தான். திருத்தம் போடாமல் அதை அப்படியே ஓவர்லே தடிமன் பார்க்கும் படத்தில் வைத்தால் ஓவர்லே மெலிதாகத்தான் வரும். டிசம்பர் அளவோ கிட்டத்தட்ட மோசமான நிலையிலேயே எடுத்தது, திருத்தம் அதிகம் தேவைப்படாது. ரெண்டு அறிக்கையிலும் திருத்தம் சரியாகப் போட்டிருந்தால் விடைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்திருக்கும். 5 செ.மீ. இடைவெளி எனக்கு ஒன்றைத்தான் சொல்கிறது: மே மாதத்தில் யாரும் குழி தோண்டவில்லை.

ஒரு எச்சரிக்கை. "மழைக்குப் பிறகு" என்பதை வடக்கில் செப்டம்பர், அக்டோபர் என்று எடுத்துக்கொள்வார்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் ஆரம்பம். வெளியூர் ஆலோசகர் செப்டம்பரில் வந்து அளந்துவிட்டு "மழைக்குப் பின்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

#4 கரிசல்காடு

மே அறிக்கையில் ஈரப்பதப் பக்கம் இல்லை. "திருத்தக் காரணி 1.0" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. டிசம்பர் அறிக்கையில் பெர்மில் (சாலையோர மண் பகுதி) தோண்டிய குழிகளின் அளவு உண்டு.

டிசம்பர் அறிக்கையின் ஒரு கிலோமீட்டருக்கான பத்துப் புள்ளிகள், எல்லாத் திருத்தமும் போட்ட பிறகு, மி.மீ.இல்: 0.84, 0.91, 0.96, 1.02, 1.05, 1.08, 1.10, 1.14, 1.19, 1.91. இதற்குப் பண்புத் தொய்வு (வடிவமைப்புக்கு எடுக்கும் ஒரே எண்) 1.71 என்று போட்டிருக்கிறார்கள். ஒன்பது புள்ளி 1.2க்குக் கீழே இருக்க 1.71 எங்கிருந்து வந்தது?

#5 டயல்கேஜ்

கணக்கு சரிதான், அதுதான் வேடிக்கை. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளுக்குச் சராசரியோடு திட்டவிலக்கத்தின் இரண்டு மடங்கைக் கூட்ட வேண்டும். மற்ற சாலைகளுக்கு ஒரு மடங்கு. சராசரி 1.12, திட்டவிலக்கம் 0.297. கூட்டினால் 1.71. அந்த 1.91ஐ எடுத்துவிட்டுப் பாருங்கள்: சராசரி 1.03, திட்டவிலக்கம் 0.112, பண்புத் தொய்வு 1.26. ஒரே ஒரு புள்ளி கிலோமீட்டர் முழுவதுக்கும் தார் கூட்டுகிறது.

இதற்காகப் புள்ளியை அழித்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. பத்தில் அதிகபட்சமோ குறைந்தபட்சமோ சராசரியிலிருந்து அதன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலகினால், அந்தப் புள்ளிக்கு இரு பக்கமும் 25 மீட்டரில் கூடுதல் அளவு எடுக்கச் சொல்கிறது விதி. இங்கே எல்லை 1.12 + 0.37 = 1.49. 1.91 அதைத் தாண்டிவிட்டது. எடுத்தார்களா? எடுத்து அக்கம்பக்கமும் அப்படியே இருந்தால் அது தனிப் பகுதி. பக்கத்தில் உடைந்த கல்வெர்ட்டோ, குழாய் பதித்து மூடிய பள்ளமோ இருக்கும். அந்த இடத்தைத் தோண்டிச் சரிசெய்வதுதான் வழி. அதற்காக ஒரு கிலோமீட்டர் முழுவதும் தார் கொட்டுவது வழியல்ல.

இன்னொன்று, கால் திருத்தம். பீமின் முன் கால்களே தொய்வுக் கிண்ணத்துக்குள் (சக்கரத்தைச் சுற்றிச் சாலை அமுங்கும் பரப்பு) நின்றால் அளவு குறைவாக வரும். இ–க வித்தியாசம் 0.025 மி.மீ.ஐத் தாண்டினால் இந்தத் திருத்தம் கட்டாயம். உதாரணம்: மு 0.50, இ 0.08, க 0.03. திருத்தமில்லாத தொய்வு 2 × 0.47 = 0.94. இ–க 0.05, ஆகவே கூட்ட வேண்டியது 2 × 2.91 × 0.05 = 0.29. உண்மைத் தொய்வு 1.23 மி.மீ. திருத்தம் போடாவிட்டால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். அந்த 2.91 என்பது மேலே சொன்ன அளவுள்ள பீமுக்கு மட்டும். கால் இடைவெளி மாற்றிச் செய்த உள்ளூர்ப் பட்டறைப் பீமுக்கு அந்த எண்ணைப் போடாதீர்கள்.

வெப்பநிலைக்கு 35° செ. அடிப்படை, டிகிரிக்கு 0.01 மி.மீ. தார்ப்பரப்பு 47° இருந்தால் 0.12 கழியும். காற்றின் வெப்பத்தை எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது செல்லாது. தாரில் 45 மி.மீ. ஆழத் துளை போட்டு, கிளிசரால் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்து வெப்பமானியைப் பார்க்க வேண்டும், மணிக்கு ஒரு முறையாவது. தார் அடுக்கு 40 மி.மீ.க்குக் கீழே என்றால், 20 மி.மீ. கார்ப்பெட் போட்ட கிராமச் சாலை மாதிரி, இந்தத் திருத்தமே வேண்டாம்.

#6 ஜல்லிக்குவியல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு கணக்கு எதற்கு? பிளாஸ்டிக் கலந்து போட்டால் சாலை ரெண்டு மடங்கு வாழும் என்கிறார்களே, மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரி முறை?

#7 மண்குழி

பேராசிரியர் வாசுதேவன் முறை நல்ல முறைதான். 160–170 டிகிரியில் சூடான ஜல்லியில் துருவிய பிளாஸ்டிக் உருகிப் பூசிக்கொள்ளும், அதன்மேல் தார். அளவு தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம், பி.வி.சி. கூடவே கூடாது, ஐ.ஆர்.சி. எஸ்.பி. 98இல் 2013இலேயே வந்துவிட்டது. ஆனால் அது மேல் அடுக்கின் கலவை. கரிசல் அடிமண் இளகினால் மேலே பிளாஸ்டிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமுங்கும். இதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

#8 ஜியோஃபோன்7

எல்லாரும் பீமைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். மாநில நெடுஞ்சாலைக்கு எஃப்.டபிள்யூ.டி. (எடையை விழவைத்துத் தொய்வை அளக்கும் கருவி) எடுங்கள், அதற்கான ஐ.ஆர்.சி. 115 வந்தது 2014இல். பீம் தருவது ஒரே எண். 1.2 மி.மீ. தொய்வு என்றால் கெட்டது தாரா, ஜல்லி அடுக்கா, அடிமண்ணா? பீமுக்குத் தெரியாது.

எஃப்.டபிள்யூ.டி.யில் 300 மி.மீ. விட்டத் தட்டின் மேல் எடை விழுந்து 40 கிலோநியூட்டன் அடி கொடுக்கும். அடி நீடிப்பது சில பத்து மில்லிநொடிகள்தான், ஓடுகிற லாரிச் சக்கரம் தாண்டுவதைப் போல. பீமில் லாரி ஊர்ந்து போகிறது, அந்த வேகத்தில் எந்த லாரியும் நெடுஞ்சாலையில் போவதில்லை. தட்டின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக 0, 300, 600, 900, 1200, 1500, 1800 மி.மீ. தூரங்களில் ஜியோஃபோன்கள் (தரையின் அசைவை அளக்கும் உணரிகள்). மொத்தக் கிண்ணமும் கிடைக்கும். நடுவில் ஆழம் அதிகம், 1200க்கு அப்பால் சாதாரணம் என்றால் கோளாறு மேல் அடுக்குகளில். வெளி ஜியோஃபோன்களும் தூக்கிக் காட்டினால் அடிமண். கரிசல்காடு நண்பருக்கு வேண்டியதே இந்த ஒரு தகவல்தான்.

#9 டயல்கேஜ்

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுசாக இல்லை. கிண்ணத்திலிருந்து ஒவ்வோர் அடுக்கின் மாடுலஸை (விறைப்பைக் காட்டும் எண்) பின்கணக்குப் போட்டு எடுக்க வேண்டும், காரக்பூர் ஐ.ஐ.டி.யின் கே.ஜி.பி.பேக் மென்பொருளில். அதற்கு அடுக்குத் தடிமன் கொடுக்க வேண்டும். எங்கிருந்து கொடுப்பீர்கள்? பழைய எம்-புக்கில் (வேலையின் அளவுப் பதிவேடு) 75 மி.மீ. தார் என்று இருக்கும். கோர் (சாலையைத் துளைத்து எடுக்கும் உருளை மாதிரி) எடுத்தால் ஓரிடத்தில் 110, அடுத்த இடத்தில் 60. இருபது வருடமாக ஒட்டுப்போட்ட சாலை அப்படித்தான் இருக்கும். 75 என்று கொடுத்து ஓட்டினால், உண்மையில் 60 உள்ள இடத்தில் தார் மாடுலஸ் இல்லாத அளவுக்கு இறங்கிக் காட்டும். 110 உள்ள இடத்தில் நம்ப முடியாத உயரத்துக்கு ஏறும். ஒரே கிண்ணத்துக்கு வெவ்வேறு மாடுலஸ் சேர்க்கைகள் பொருந்தும் என்பதையும் மறக்கக் கூடாது. மென்பொருள் எப்படியும் ஒரு விடை தரும்.

பீமுக்குக் குழி தோண்டாதவர் எஃப்.டபிள்யூ.டி.க்குக் கோர் எடுப்பார் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

#10 ஜியோஃபோன்7

கோர் இல்லாத எஃப்.டபிள்யூ.டி. குப்பை, மறுக்கவில்லை. கோர் எடுத்த துளையிலேயே கீழே தோண்டி ஜல்லி அடுக்கின் தடிமனையும் அளந்து, அடிமண் மாதிரியும் எடுத்துவிடலாம். ஒரே துளையில் மூன்று வேலை. வடிவமைப்புக்குச் சராசரி மாடுலஸ் போடாதீர்கள், 15ஆம் சதமான மதிப்பு (நூற்றில் 15 அளவுகள் மட்டுமே அதற்குக் கீழே இருக்கும்) போடுங்கள். இதிலும் வெப்பநிலை, பருவத் திருத்தம் உண்டு, கருவி மாறியதால் கரிசல் காயாமல் இருந்துவிடாது. 20 டிகிரிக்குக் கீழும் 45க்கு மேலும் அளக்கவே கூடாது. நம் ஊர் மே மாதத்தில் காலை ஒன்பதரைக்கே மூட்டை கட்ட வேண்டியிருக்கும்.

#11 பழைய_டிப்பர்

தொய்வைப் பற்றியே பேசுகிறோம். ஓவர்லே தடிமன் படத்தில் இன்னொரு பக்கம் இருக்கிறது: போக்குவரத்து, எத்தனை மில்லியன் திட்ட அச்சுப் பாரங்கள் சாலையைக் கடக்கும் என்ற கணக்கில். அங்கே தப்பினால் தொய்வு எவ்வளவு சரியாக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

2018 ஜூலையில் நான்கு டயர் ஒற்றை அச்சின் சட்டப்படியான பாரம் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னுக்கு ஏறியது. சேதம் பாரத்தின் நான்காம் படியாகக் கூடும் என்ற விதிப்படி (11.5 ÷ 10.2)⁴ = 1.62. பாரம் சுமார் 13 சதவீதம் கூடினால் சேதம் 62 சதவீதம் கூடும். அதற்கு முந்தைய அச்சுப் பாரக் கணக்கெடுப்பை வைத்து வி.டி.எஃப். (ஒரு வண்டி சாலைக்குச் செய்யும் சேதத்தைத் திட்ட அச்சுகளில் சொல்லும் எண்) போட்டிருந்தால் அது இன்றைக்குச் செல்லாது. கல்குவாரி, எம்-சாண்ட் லாரி ஓடும் சாலை என்றால் இரு திசைக்கும் தனித்தனியாக எடுங்கள். போகும்போது காலி, வரும்போது பாரம். ரெண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் பாரம் வரும் பக்கம்தான் முதலில் அமுங்கும்.

#12 கரிசல்காடு

எல்லாருக்கும் நன்றி. பக்கக் கேள்வி ஒன்று. இதில் சி.ஆர்.ஆர்.ஐ.யின் வேலை என்ன, ஐ.ஆர்.சி.யின் வேலை என்ன? ரெண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள்.

#13 மண்குழி

வேறு வேறு. ஐ.ஆர்.சி. 1934இல் ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி வந்த பொறியாளர் அமைப்பு. விதிநூல் எழுதுவது அவர்கள். சி.ஆர்.ஆர்.ஐ. 1952இல் வந்த சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகம், டெல்லி மதுரா சாலையில். அளந்து, போட்டுப் பார்த்து, எண்ணைக் கொடுப்பது அவர்கள். பீம் முறையே அமைச்சகத்தின் ஆர்-6 ஆராய்ச்சித் திட்டத்தில் அளந்து சேர்த்ததை அடிப்படையாகக் கொண்டு 1997 பதிப்பில் திருத்தப்பட்டது. மோசமான சாலையில் லாரிக்கு எவ்வளவு டீசல், எவ்வளவு டயர் தேய்மானம் என்று 1982இல் முடிந்த சாலைப் பயனாளர் செலவு ஆய்வும் அவர்கள் செய்ததுதான்; இன்னும் திட்ட அறிக்கைகளில் பொருளாதாரக் கணக்கு அந்த வழியில்தான் ஓடுகிறது. 2017ஆம் ஆண்டின் இந்திய நெடுஞ்சாலைக் கொள்ளளவுக் கையேடும் அங்கிருந்து வந்ததே. ஆட்டோவும் டூவீலரும் கலந்த தெருவுக்கு அமெரிக்கக் கையேட்டின் எண்கள் பொருந்தாது என்பதால்.

பத்திரிகையில் வருவது சூரத் பக்கம் ஹசிராவில் 2022இல் போட்ட இரும்புக் கசடுச் சாலை மாதிரியானவை. ஆறு வழி, ஒரு கி.மீ., ஒரு லட்சம் டன் கசடு. நல்ல வேலைதான். ஆனால் என்னைக் கேட்டால் கிளிசரால் துளையும் 25 மீட்டர் விதியும்தான் பெரிய வேலை. யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள்.

#14 கரிசல்காடு

கடைசிக் கேள்வி. சாலையின் 2 கி.மீ. ஊருக்குள் போகிறது. வீட்டு வாசல்களைவிடச் சாலை உயரக் கூடாது என்பதால் அங்கே 50 மி.மீ. மில்லிங் செய்துவிட்டு 50 மி.மீ. போடலாம் என்று மதிப்பீட்டில் இருக்கிறது. டிசம்பர் தொய்வின்படி அங்கே ஓவர்லே தேவை, 140 மி.மீ. பி.எம். (பிட்டுமினஸ் மெக்கடம், தார் கலந்த ஜல்லி). இது பொருந்துமா?

#15 டயல்கேஜ்

பொருந்தாது. 140 மி.மீ. பி.எம்.ஐ அதைவிட அடர்த்தியான டி.பி.எம். (அடர் பிட்டுமினஸ் மெக்கடம்), பி.சி. (பிட்டுமினஸ் கான்கிரீட்) ஆக மாற்றினால் 0.7ஆல் பெருக்கி 98 மி.மீ. முழு எண்ணாக 60 டி.பி.எம். + 40 பி.சி. இது இருக்கிற சாலையின் *மேல்* போட வேண்டிய தடிமன். பீம் வைத்தபோது அந்த 50 மி.மீ. பழைய தாரும் சேர்ந்துதான் பாரம் தாங்கியது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு 50 போட்டால், பழைய தாருக்குப் பதில் புதுத் தார், அவ்வளவுதான். பலம் கூட்டியதாக ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. ரட் (சக்கரத் தடப் பள்ளம்) நிரப்பப் போடும் சமன் அடுக்கையும் இந்த 98இல் சேர்க்காதீர்கள், அது தனி அளவு, தனி ஐட்டம்.

#16 ஜியோஃபோன்7

ஊர்ப் பகுதியில் மட்டம் உயரக் கூடாது என்றால் மேலே கூட்ட வழியில்லை, கீழேதான் போக வேண்டும். அந்த 2 கி.மீ.க்கு மட்டும் எஃப்.டபிள்யூ.டி.யும் கோரும் எடுங்கள். சுரண்டிய பிறகு மிஞ்சும் தார்த் தடிமனையும் கீழ் அடுக்குகளின் மாடுலஸையும் ஐ.ஐ.டி.பேவ் என்ற சாலை வடிவமைப்பு மென்பொருளில் கொடுத்துப் பாருங்கள். தாங்கவில்லை என்றால் ஜல்லி அடுக்கு வரை எடுத்து, சிமென்ட் கலந்து நிலைப்படுத்தி, அதே மட்டத்துக்கு மறுபடி கட்ட வேண்டியதுதான்.

#17 மண்குழி

எடுக்கும் முன் வடிகாலைப் பாருங்கள். ஊர்ப் பகுதியில் கான்கிரீட் வடிகாலின் அடிமட்டம் ஜல்லி அடுக்கின் அடிமட்டத்தைவிட மேலே இருந்தால், சாலைக்குள் இறங்கும் தண்ணீருக்கு வெளியே போக வழி கிடையாது. கரிசல் அதைக் குடித்துக்கொண்டே இருக்கும். அந்த 1.91 புள்ளி ஊருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

#18 கரிசல்காடு

ஊர் எல்லைப் பலகையிலிருந்து 40 மீட்டர் உள்ளே. பக்கத்திலேயே குடிநீர்க் குழாய் குறுக்கே போகிறது.